மீன் வந்த பக்கம்

மெர்கோங்கை அடுத்த தாமான் செம்பாக்கா குடியிருப்பின் பூங்காவில் நிழல் இருந்தது, ஊஞ்சல் இருந்தது, புதுப் பெஞ்சுகள் இருந்தன. ஆள்தான் இல்லை. தாமானில் ஆளுக்குப் பஞ்சமும் இல்லை. சாயங்காலமானால் பூங்காவை ஒட்டிய பின்சந்தில், சாக்கடை ஓரமாக நாற்காலி போட்டு, பூங்கா வேலிக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். உள்ளே மட்டும் வரமாட்டார்கள்.

குடியிருப்பாளர் சங்கத் தலைவி தேவகிக்கு இது புரியவே இல்லை. நகராண்மைக் கழகத்தோடு மல்லுக்கட்டி அந்தப் பூங்காவை வாங்கி வந்தவர் அவர்தான். இப்போது அதைக் கார் நிறுத்துமிடமாக்கச் சொல்லி, வீட்டில் மூன்று கார் வைத்திருக்கும் பக்கிரிசாமி மனுப் போட்டிருந்தார். புதன்கிழமை அதிகாரி பார்க்க வருகிறார். பூங்கா காலியாகக் கிடந்தால் தார் ஊற்றிவிடுவார்கள்.

தேவகி இலவசமாகத் தே தாரேக் தேநீர் கொடுத்துப் பார்த்தார். வந்தார்கள், வாங்கினார்கள், கோப்பையோடு சந்துக்கே திரும்பிப் போனார்கள்.

எனவே புதன்கிழமை மாலை, கையில் அகப்பட்டவர்களை எல்லாம் இழுத்து வந்து பெஞ்சுகளில் உட்கார வைத்தார். பட்டுச் சேலையும் வேட்டியுமாக, பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி சத்தியசீலனுக்குத் திருப்தி. "தினமும் இப்படித்தானா, அக்கா?"

"தினமும்தான், தம்பி."

"ஆமாலா," என்றார் கூடவே வந்து நின்ற பக்கிரிசாமி. "தினமும் பட்டுச் சேலை கட்டிக்கிட்டுத்தான் ஊஞ்சல் ஆடுவாங்க."

அப்போது பின்சந்தில் மீன்காரர் குழந்தைவேலுவின் மோட்டார் சைக்கிள் ஹாரன் கேட்டது. பெஞ்சுகள் காலியாகிவிட்டன. எல்லோரும் வேலியில் போய் மோதினார்கள்.

"அண்ணே, கெம்போங் ஒரு கிலோ!"

"எப்படிக்கா குடுக்கறது? கம்பி ஓட்டைல ஒவ்வொண்ணா சொருகவா?"

"மேலால வீசுங்கலா!"

வீசினார். பை வேலியைத் தாண்டி வந்து சத்தியசீலனின் தோளில் விழுந்தது.

"தார் எப்ப சார் ஊத்துறீங்க?" என்றார் பக்கிரிசாமி.

சட்டையைத் துடைத்தபடி சத்தியசீலன் கேட்டார்: "வாசல் வழியா சுத்திப் போய் வாங்கக்கூடாதா?"

"நாங்க சுத்தி வர்றதுக்குள்ள அண்ணன் ஜித்ரா போய்ச் சேர்ந்துருவாரு சார்!"

தேவகி திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். வீட்டு வரைபடத்தில் எது முன்பக்கமோ, அது இங்கே கார் நிற்கும் பக்கம். கார் வாசலை அடைத்துக்கொண்டிருக்கும், கேட் பூட்டியிருக்கும். மனிதர்கள் சமையலறைக் கதவைத் திறந்து பின்சந்தில்தான் இறங்குவார்கள். மீன், ரொட்டி, வம்பு எல்லாம் வருவது அந்தப் பக்கம். பூங்காவின் ஒரே வாசலோ முன்சாலையில் இருந்தது. சந்திலிருந்து அங்கே போக, வரிசையின் கடைசி வீடுவரை நடந்து, வளைந்து, அதே தூரத்தைத் திரும்ப நடக்க வேண்டும். பெஞ்சுகளும் முன்சாலையைப் பார்த்தே கிடந்தன. அங்கே பார்ப்பதற்குப் பூட்டிய கேட்டுகள்தான் இருந்தன.

"தம்பி, தார் வேணாம். கம்பி வெட்டுற ஆளை அனுப்புங்க."

"வாசல் ரோட்டுப் பக்கம்தான் இருக்கணும்னு விதிக்கா."

"அது இருந்துட்டுப் போகட்டும்லா. நான் கேக்கிறது சந்துப் பக்கம் இன்னொரு வாசல்."

சத்தியசீலன் வேலியில் தொங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். "சரி, செஞ்சு பார்ப்போம். ஆள் வந்தா மனு தள்ளுபடி."

மனு தள்ளுபடியானது. செய்த வேலை இவ்வளவுதான்: பின்சந்துப் பக்க வேலியை வெட்டி ஒரு வாசல் வைத்தார்கள், சாக்கடை மேல் ஒரு சிமெண்டுப் பலகை போட்டார்கள், பெஞ்சுகளைச் சந்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள்.