சுத்திகரிப்புச் சாம்பல்

“தள்ளு புள்ள! இந்தப் பீப்பாயை உடைச்சுப்போட்டுத்தான் மற்றக் கதை!”

“உடைக்கிறதெண்டா முதல்ல என்ர மண்டைய உடையுங்க மாமா!”

பொதுக்கிணற்றடியில் ஹிஸ்புல்லா ஹாஜியார் இரும்பு அலவாங்கோடு நின்றார். பீப்பாய்க்கு முன்னால் ரிஸ்லா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிவந்தேன். பால் போனால் திரும்பக் காய்ச்சலாம். சண்டையின் தொடக்கம் போனால் போனதுதான்.

“என்ர மகள்ர ரத்தத்தில ஈயமாம்! வயித்தில ஆறு மாசப் புள்ள! கொழும்பில இருந்து றிப்போட் வந்திரிக்கி. இவள்ர சாம்பல் தண்ணியக் குடிச்சுத்தான் இது வந்த!”

ஈயம் என்ற சொல்லை ஹாஜியாரின் வாயால் எங்கள் ஒழுங்கைத் தெருவே கேட்டது அன்றுதான் முதல் தடவை. கிணற்றுக்குப் பின்மதிலோடு இருப்பது அவருடைய பற்றரிக் கடை. பழைய வாகனப் பற்றரிகளை வாங்கி, உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி விற்பார். உடைக்கும்போது வரும் அசிட்டைப் பதினைந்து வருடமாக மண்தான் குடித்தது. மண் குடித்ததைக் கிணறு குடித்தது. கிணறு குடித்ததை நாங்கள் குடித்தோம். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ரிஸ்லா இரண்டு வருடத்துக்கு முன் தண்ணீரைச் சோதித்து வந்து இதைச் சொன்னபோது, நாங்கள் யாருக்கு ஏசினோம்? ரிஸ்லாவுக்குத்தான். ஹாஜியார் கிணற்றுக் குழுவின் தலைவர். தலைவருக்கு ஏசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

அவள் விடவில்லை. தம்பலகாமத்து அரிசி ஆலையில் மலைபோலக் கிடந்து, காற்றடித்தால் ரோட்டில் போகிறவர்களின் கண்ணில் விழுகிற உமிச்சாம்பலை ஒரு பீப்பாயில் நிரப்பி, கிணற்றுத் தண்ணீரை அதற்குள்ளால் விட்டாள். ஆலைக்காரன் பஸ்லான் தானே உழவு இயந்திரத்தில் சாம்பலைக் கொண்டுவந்து இறக்குவான். இறக்கி முடிந்த பிறகும் அரை மணி நேரம் நிற்பான். அந்த அரை மணி நேரத்தை ஒழுங்கையில் வேறு யாரும் கவனிக்கவில்லை. என் யன்னல் அந்தப் பக்கம் பார்த்திருப்பது என் குற்றமா?

“சாம்பல் ஈயத்தைக் குடிக்குதா புள்ள?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“குடிக்கிறதில்ல ராத்தா. செருப்பில சேறு ஒட்டுற மாதிரி ஈயம் சாம்பலுக்கு மேல ஒட்டிக்கொள்ளும். ஒட்ட இடமில்லாமப் போனா பழசை அள்ளிப்போட்டுப் புதுசு போடவேணும்.”

அள்ளிய பழசைக் காயவைத்துப் பைகளில் கட்டிக் கிணற்றடிக் கொட்டிலில் அடுக்குவாள். போதிய அளவு சேர்ந்ததும் சீமெந்தில் குழைத்துக் கல்லாக வார்ப்பது அவள் திட்டம்.

சரி, சண்டைக்கு வருவோம்.

“கிழமைக்குக் கிழமை இந்தத் தண்ணிய நான் சோதிக்கிறன்,” என்றாள் ரிஸ்லா. “பீப்பாயால வாற தண்ணியில ஈயம் இல்ல. உங்கட கடைப் பக்கத்து மண்ணில இரிக்கி, மதில்ல இரிக்கி, நீங்க போட்டிரிக்கிற சேட்டில இரிக்கி. தண்ணியில இல்ல! உங்கட மகள் பஸ்னா வேற என்ன சாப்பிடுறவ?”

“அத ஏன் கேக்கிறாய்? நீ என்ன டொக்டரா?”

அப்போதுதான் ஹாஜியாரின் மனைவி லைலா சத்தம் கேட்டு வந்தாள். பாதி உரித்த விரால் மீன் ஒரு கையில், கத்தி மறு கையில். “என்னத்தச் சாப்பிடுறா? விரால் போட்ட புளியாணக் கறிதான். மூணு மாசமா வேற ஒண்டும் அவள்ர வாய்க்குப் பிடிக்குதில்ல.”

ரிஸ்லா லைலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். முழங்கை வரை சாம்பல்.

“மாமி, இது எங்கத்தச் சாம்பல்?”

“இந்தக் கொட்டில்ல அடுக்கியிரிக்கிறதுதான். சாம்பல் பூசாம விராலைப் பிடிக்க ஏலுமா? வழுக்கிக்கொண்டு ஓடும். சுத்தமான சாம்பலெண்டு பையிலயே எழுதியிரிக்கே. எல்லாரும்தானே எடுக்கிற.”

எல்லாரும்தான். ஒளிப்பானேன், முதல் பையைத் தூக்கியவள் நான். எல்லா வீட்டிலும் காஸ் அடுப்பு வந்தபிறகு குசினியில் சாம்பலுக்கு எங்கே போவது? பித்தளைச் சாமானைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் வருகிற மினுக்கம் கடைச் சவர்க்காரத்தில் வருமா? பையிலே பச்சை மையில், கொட்டை எழுத்தில் இருந்தது: “சுத்திகரிப்புச் சாம்பல். அன்பளிப்பு: அல்ஹாஜ் ஹிஸ்புல்லா.” சுத்திகரிப்பு என்றால் சுத்தம்தானே என்று நினைத்தோம். தண்ணீரைச் சுத்தமாக்கிவிட்டு அந்த அழுக்கையெல்லாம் தன்மேல் சுமந்துகொண்டிருக்கும் சாம்பல் என்று, செருப்புச் சேற்றுக் கதையைக் கேட்ட நான்கூட யோசிக்கவில்லையே.

ரிஸ்லா அப்படியே நிலத்தில் குந்தினாள். “புளி,” என்றாள். “புளி பட்டா, ஒட்டின ஈயத்தை எல்லாம் சாம்பல் விட்டிரும்.”

பிறகு எழும்பினாள். அந்தப் பெண் அப்படிக் கத்துவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

“பைக்கு நான் எழுதித் தந்த வசனம் என்ன மாமா? ‘ஈயக் கழிவு. நஞ்சு. தொடவேண்டாம்.’ அச்சடிக்க நீங்கதான் கொண்டுபோனீங்க. பை வந்தோடன கேட்டனா இல்லயா? என்ன சொன்னீங்க? கொட்டிலுக்குப் பிறகு பூட்டுப் போடுறன், இப்பவே வீடு வீடா ஆள் விட்டுச் சொல்லுறன் எண்டு சொன்னீங்க. உங்கட வாயை நம்பினன் பாருங்க, அது என்ர பிழை!”

“ஈயமெண்டு எழுதினா எல்லாரும் கடையைத்தானே பாப்பாங்க,” என்றார் ஹாஜியார். குரல் பாதியாகிவிட்டது. “பேர் கெட்டிரும் எண்டுதான்...”

லைலா மீனைக் கீழே போட்டாள்.

“வீடு வீடாச் சொல்றது இரிக்கட்டும். ஒரே பாயில படுக்கிற எனக்குச் சொன்னீங்களா? தினம் தினம் உங்கட கண்ணுக்கு முன்னால இந்தச் சாம்பலைப் பூசித்தானே மீன் வெட்டினன்! பாத்துக்கொண்டுதானே தேத்தண்ணி குடிச்சீங்க!”

“மீன் வெட்டுறத எல்லாம் ஆம்பிளை பாக்கிறதா?”

“அதத் தாங்க.” அலவாங்கைக் காட்டினாள்.

மனைவி பீப்பாயை உடைக்கப்போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, மனிதர் கொடுத்துவிட்டார். லைலா பீப்பாயைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, பற்றரிக் கடைக்குள் போனாள். வாசல் தகரப் படலையை நான்தான் திறந்து பிடித்துக்கொடுத்தேன். ஈயம் உருக்கும் உலையின் மேல் முதல் அடி விழுந்தபோது ஹாஜியார், “லைலா!” என்றார். களிமண் உலை நொறுங்கி, இரும்புச் சட்டி இரண்டாக வெடிக்கும்வரை அவள் நிறுத்தவில்லை. ஒருவரும் தடுக்கவில்லை. பதினைந்து வருடம் நாங்கள் ஏசாமல் விட்ட ஏச்செல்லாம் அந்தச் சத்தத்தில் இருந்தது. நாங்கள் ஏசியிருந்தால் அவளுக்கு அந்த வேலை வந்திருக்காது. அது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

உடைந்த உலை உடைந்தபடியே கிடக்கிறது. ஈயம் எவ்வளவு என்று ஒழுங்கை முழுவதும் இரத்தம் குத்திப் பார்த்தார்கள். மற்றவர்களின் ஈய எண்ணெல்லாம் எனக்கு மனப்பாடம். என் எண்ணை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. பழைய சாம்பல் இப்போது சீமெந்துக் கல்லாகிவிட்டது. ஒவ்வொரு கல்லிலும் சிவப்பில் ‘நஞ்சு’ என்று ரிஸ்லாவே எழுதினாள். பஸ்லானைக் கலியாணம் முடித்ததும் அவள்தான். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிட்டார். அவருடைய உழவு இயந்திரம் தினமும் என் படலையை மறித்துக்கொண்டு நிற்கிறது.

பஸ்னாவுக்குப் பெண் பிள்ளை. ஈயம் இறங்குகிறதாம், மூளைக்கு என்ன ஆனதென்பது பிள்ளை கதைக்கத் தொடங்கும்போதுதான் தெரியுமாம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். ஆனால் அவளுடைய புருஷன் றிஸ்கான் நாற்பதாம் நாளே மனைவியையும் பிள்ளையையும் இறக்கக்கண்டியில் தன் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மகளுக்கென்று ஹாஜியார் கட்டிய மாடி வீட்டில் இப்போது அவர் தனியே இருக்கிறார். உடைக்க வந்த பீப்பாயில்தான் காலையில் தண்ணீர் பிடிக்கிறார்.

லைலா மகளோடு போனவள்தான், திரும்பவில்லை. போகும்போது, அந்தச் சாம்பலில் மினுக்கிய பித்தளைச் சாமான் ஒன்றைக்கூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை.