பதினோரு நாள் மழை

அப்பாவுக்கு மூன்றாவது சட்டையும் பொருந்தவில்லை. கழுத்துப் பொத்தானைப் போட்ட பிறகும் உள்ளே இரண்டு விரல் நுழைய இடம் இருந்தது. பெரியவன் அவரைத் தோளோடு அணைத்துத் தூக்கிப் பிடிக்க, அவன் மனைவி முதுகுப் பக்கம் துணியை மடித்து ஊக்கு மாட்டினாள்.

"மெதுவா. குத்திடப் போகுது" என்றான்.

சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு ஊக்கை எடுத்தாள்.

வீட்டுக்கு அவன் ஒரே பிள்ளை. இருந்தும் பெயர் பெரியவன். பிறக்கும்போதே நாலேகால் கிலோ இருந்தானாம். சின்னவன் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், "இவன் ஒருத்தனே ரெண்டு பேர் எடை, போதும்" என்று அம்மா பதில் சொல்வாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவனுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. கடைத்தெருவில் சொந்தமாக மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருக்கிறான்.

மேசை மேல் அப்பாவின் போன் விட்டு விட்டுச் சிணுங்கிக்கொண்டே இருந்தது.

"யாரு இவ்வளவு பேரு?"

"துளிக்காரங்கதான். நேத்தே மாமா போன்லேருந்து நான் எழுதிட்டேன். நேர்லயும் கொஞ்சம் பேர் வர்றாங்களாம். நீலக்குடை, ஓட்டுவீடு, அப்புறம்..." அவள் ஊக்கைப் பல்லில் கடித்தபடி யோசித்தாள். "பாலத்தடிக்கும் யாரோ சொல்லியிருக்காங்க, அவரும் வர்றாராம். மூணு நாள் மாமா காத்துக் கெடந்தாரே, அப்ப வரத் தெரியல. இப்ப எதுக்கு வர்றாராம்?"

பெரியவன் சீப்பை எடுத்தான். அப்பாவின் தலையை வாரத் தொடங்கினான். ஏற்கெனவே வாரியிருந்த தலைதான்.

துளி என்பது மழை அளக்கிறவர்கள் கூடும் இடம். போனில் இருக்கிற ஆயிரம் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே காலை வணக்கம் கிடையாது, அரசியல் கிடையாது, சமையல் கிடையாது. ஊர் ஊராக இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், தினமும் காலை எட்டரைக்குத் தங்கள் மழைமானியைப் பார்த்து, முந்தைய நாள் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று எழுதுவார்கள். பெய்யாவிட்டால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பூஜ்யம் எழுதினாலும் பத்துப் பேர் வந்து இதயம் போட்டுவிட்டுப் போவார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. மானி எங்கே இருக்கிறதோ அதையோ, மனதுக்குப் பிடித்த எதையாவதோ பெயராக வைத்துக்கொள்வார்கள். அப்பாவின் பெயர் மொட்டைமாடி.

பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருஷம் டைம்கீப்பராக இருந்தவர் அவர். பஸ் நாலு நிமிஷம் தாமதம் என்றால் நாலு என்றுதான் எழுதுவார். டிரைவர் காலில் விழுந்தாலும் மூன்று ஆகாது. ஓய்வும் பெற்று, அம்மாவும் போன பிறகு, எதையும் குறித்து வைக்க வழியில்லாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். துளி கிடைத்ததும் மனுஷனுக்கு மறுபடி வேலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. எட்டு இருபத்தைந்துக்கு மாடிப்படி ஏறுவார். இறங்கி வந்து எழுதிவிட்டுத்தான் காபி.

"மழை பெய்ஞ்சா நனையப் போறோம். இதுல புள்ளிக்கணக்கு வேறயா?" என்பான் பெரியவன். அப்பா சிரிப்பார்.

போன மழைக்காலத்தில் நுரையீரலில் நீர் கோத்து அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பதினோரு நாள். படுக்க வைத்த உடனே அவர் கேட்டது ஒன்றுதான். "நாலு வருஷமா ஒரு நாள் விடலடா. நீ போய்ப் பாத்துச் சொல்லு. நான் இங்கேருந்து எழுதிக்கறேன்."

முதல் நாள் பெரியவன் மாடி ஏறிப் பார்த்தான். குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஏழு புள்ளி இரண்டு என்று போனில் சொன்னான். இரண்டாம் நாள் காலையிலும் கொட்டிக்கொண்டிருந்தது. கடை திறக்க நேரமாகிவிட்டது, படியெல்லாம் வழுக்கும். பன்னிரண்டு என்று சொல்லலாம் என நினைத்து, வெறும் பன்னிரண்டு என்றால் உத்தேசமாகச் சொன்னது போல இருக்குமே என்று பன்னிரண்டு புள்ளி நாலு என்றான். அந்தப் புள்ளி நாலை நினைத்தால்தான் அவனுக்கு இப்போதும் காது சுடும். அதற்குப் பிறகு அவன் மாடிக்கே போகவில்லை. தினமும் ஒரு எண். கையில் ஊசி ஏறியபடியே அப்பா அதை எழுத்தெழுத்தாகத் தட்டி அனுப்புவார். அப்பா வீடு திரும்பும் நாள் காலையில்தான் ஏறிப் பார்த்தான். மானி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கவிழ்த்துக் கொட்டிவிட்டு, துடைத்து வைத்தான்.

இரண்டு தெரு தள்ளி, மேம்பாலத்துக்குப் பக்கத்தில் டயர்க்கடை வைத்திருப்பவர்தான் பாலத்தடி. எட்டு வருஷமாக அளக்கிறவர். அவர்தான் துளியில் பணிவாக எழுதினார். 'மொட்டைமாடி சார், நலமா? ஒரு நாள் என்றால் மேகம் தப்பியிருக்கும். பத்து நாளும் தப்புமா? எனக்கு அறுபத்து மூன்று வந்த அன்று உங்களுக்குப் பதினெட்டு. மானியில் விரிசல் ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்களேன்.'

அப்பாவுக்குக் கோபம் வந்து பெரியவன் அதிகம் பார்த்ததில்லை. அன்று உடனே பதில் எழுதினார். 'அளந்தது என் மகன். மூக்குக்கண்ணாடிக்கு அரை மில்லிமீட்டர் பிசகாமல் லென்ஸ் வெட்டுகிறவன். அவன் அளவில் தவறு வராது.'

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெரியவன் சொல்லவில்லை. மாறாக, அப்பாவைச் சமாதானப்படுத்துகிற சாக்கில், "விடுங்கப்பா. பாலத்துக்கு அடியில உக்காந்து மழைய அளக்கிற ஆளு!" என்றான். அப்பா அதையும் எழுதிவிட்டார். இருநூறு பேர் சிரித்தார்கள். மானி பாலத்துக்கு அடியில் இல்லை, பக்கத்தில் திறந்த வெளியில் கம்பம் நட்டு இருக்கிறது என்று பாலத்தடி போட்டோ போட்டார். அதற்கும் சிரித்தார்கள். நோயாளியிடம் போய் வம்பு பண்ணலாமா என்று சிலர் கேட்டார்கள். கடைசியில், எல்லாவற்றையும் நிர்வாகம் பண்ணுகிற நீலக்குடை, பாலத்தடியின் பதிவுகள்மேல் 'சரிபார்க்கப்படாதது' என்று சாம்பல் நிறத்தில் ஒரு குறி போட்டார். ஒரு வாரத்தில் பாலத்தடி துளியை விட்டே போய்விட்டார்.

மாதக் கடைசியில் ஊரின் நாள்வாரி மழையளவு பேப்பரில் வந்தது. அப்பா அதை வெட்டி எடுத்து, பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பெரியவன் வந்ததும், "அந்த வியாழக்கிழமை எவ்வளவுடா சொன்னே?" என்று கேட்டார்.

"பதினெட்டுப்பா. புள்ளி ஆறு."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

போன வாரம் மறுபடி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்றுவிட்டார். "பாலத்தடியை ஒரு தரம் வரச் சொல்லேன். ஒரு வார்த்தை பேசணும்" என்றார். பெரியவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, "சொல்லிட்டேன்பா. வர்றேன்னார்" என்றான். அப்பா தலையணையை வாசல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். மூன்று நாளும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தார். நேற்று மத்தியானம் போனபோதும் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது.

பதினோரு மணிக்குத் துளிக்காரர்கள் வந்தார்கள். ஆறு பேர். கூட்டமாக வந்தாலும் ஒருவரையொருவர் அன்றுதான் நேரில் பார்க்கிறார்கள் போல, வாசலில் நின்று, "நீங்கதான் ஓட்டுவீடா? நான் உங்களை ஒல்லியா நெனச்சிருந்தேன்" என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நீலக்குடை ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. அப்பாவைக் கிடத்தியிருந்த திறந்த பெட்டிக்கு அருகே நின்று, "நல்ல மனுஷர். ஒரு நாள் லேட்டா எழுதினதில்ல" என்றார். வாடகை நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

கடைசியாக வந்தவர் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். நகக்கண்களில் கறுப்பு ஏறிய கை. அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். பெரியவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் மெல்ல வந்து பெட்டியின் கால்மாட்டில் நின்றார். "சார், மன்னிச்சுடுங்க" என்றார் பெட்டியைப் பார்த்து. "ஒடம்பு சரியில்லாதவர்கிட்டப் போய்... என் மானிதான் கோளாறா இருந்திருக்கும். கழட்டிப் போட்டுட்டேன் சார்."

பெரியவனின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இதை அவர் கண்ணு முழிச்சிருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாமில்ல? மூணு நாளா வாசலையே பாத்துக்கிட்டிருந்தார். வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்தா எப்படிங்க?"

டயர்க்கடைக்காரர் விழித்தார். "நானா? என்னை யாரும் கூப்பிடலையேம்மா."

"இவர்தான் போன் பண்ணினாரே" என்று அவள் திரும்பினாள்.

நாற்காலிகளில் இருந்தவர்களும் திரும்பினார்கள். பெரியவன் பெட்டியைச் சுற்றிக் கால்மாட்டுக்கு வந்தான். "கொஞ்சம் வாங்க" என்று டயர்க்கடைக்காரரின் முழங்கையைத் தொட்டு, வீட்டின் பக்கவாட்டில் தண்ணீர்த்தொட்டி இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனான். போகும்போது மேசைமேல் இருந்த அப்பாவின் போனை ஏன் எடுத்துக்கொண்டான் என்று அவனுக்கே தெரியாது.

"நான் உங்களைக் கூப்பிடல" என்றான். "அப்பா கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன்னு பொய் சொன்னேன்."

"ஏன் தம்பி?"

"வந்தா பேசுவீங்க. பேசினா தெரிஞ்சிடும்." அவன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அந்தப் பதினோரு நாளும் நான் அளக்கல சார். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உங்க மானி சரியாத்தான் இருந்துச்சு."

அவர் கையை ஓங்குவார் என்று பெரியவன் எதிர்பார்த்தான். ஓங்கினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் ஓங்கவில்லை. கன்னத்துச் சதை மட்டும் ஒருமுறை இழுத்துக்கொண்டது.

"ஒரு நாள்கூட அளக்கலையா?"

"மொத நாள் அளந்தேன்."

"எவ்வளவு?"

"ஏழு புள்ளி ரெண்டு."

"எனக்கு ஏழு" என்றார் உடனே. பிறகு தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். "மேகம் ஒண்ணுதான்."

உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"பாலத்துக்கு அடியில உக்காந்து அளக்கிறவன்னு எழுதினாரே, அதுதான் தம்பி தாங்கல. கடைக்கு வர்றவன்லாம் கேட்டுச் சிரிச்சான். உங்கப்பா அப்படிப் பேசற ஆளே இல்லையேன்னு நெனச்சேன்."

"அது அவர் சொன்னதில்ல" என்றான் பெரியவன். "அதையும் நான்தான் சொன்னேன்."

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"நான் எழுதிடறேன் சார். எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதிடறேன். எல்லாம் முடிஞ்சதும்..."

"இப்பவே எழுதுங்க" என்றார் அவர். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. "நாளைக்குன்னா எழுத மாட்டீங்க."

பெரியவன் அப்பாவின் போனைத் திறந்தான். கண்ணாடிக்கடைக்காரனாக இருந்தும் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஒற்றை விரலால் தட்டினான். 'இதை எழுதுவது மொட்டைமாடியின் மகன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளில் முதல் நாள் மட்டும்தான் நான் அளந்தேன். மற்ற பத்தும் என் கற்பனை. பாலத்தடி எழுதியதுதான் சரி. அவரைக் கேலி செய்த வார்த்தையும் என்னுடையது. அப்பாவுக்கு எதுவும் தெரியாது.'

போனை அவரிடம் காட்டினான். அவர் கையில் வாங்கவில்லை. குனிந்து நிதானமாகப் படித்தார்.

"கடைசி வரி நிஜமா?"

பேப்பர் துண்டும் பென்சிலும், 'ம்' என்ற அந்த ஓரெழுத்தும், வாசல் பக்கம் திருப்பிய தலையணையும் பெரியவனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"தெரியல" என்றான்.

"தெரியாததை எழுதாதீங்க."

அவன் கடைசி வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். பிறகு அனுப்பினான்.

ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. முதலில் நீலக்குடையின் கைப்பையில் சிணுங்கியது. அடுத்து ஓட்டுவீட்டின் சட்டைப்பையில். பிறகு வரிசையாக. இறந்துபோனவரின் பெயரில் செய்தி வந்திருப்பதைப் பார்த்து நீலக்குடை திடுக்கிட்டுப் பெட்டியை ஒரு தரம் பார்த்தார். எல்லாரும் படித்தார்கள். "என்னாச்சு?" என்று கேட்ட மருமகளிடம் நீலக்குடை தன் போனை நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியருகே போய், மாமனாரின் சட்டைக் கழுத்தை நேராக்கினாள். அது நேராகத்தான் இருந்தது.

வண்டி வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும். பெரியவன் தலைமாட்டில் ஒரு பக்கம் பிடித்தான். பக்கத்து வீட்டுக்காரரும் ஓட்டுவீடும் கால்மாட்டுக்குப் போனார்கள். தலைமாட்டின் மறுபக்கம் காலியாக இருந்தது. டயர்க்கடைக்காரர் யாரும் அழைக்காமல் வந்து பிடித்தார். கனமான சாமான் தூக்கிப் பழகியவர். அவர் பிடித்ததும் பெட்டி ஒரு பக்கமாக உயர்ந்தது. பெரியவன் தன் பக்கத்தையும் உயர்த்தினான்.

வண்டிக்குள் பெட்டியின் இரு பக்கமும் குறுகலான பலகைகள். பெரியவன் ஒன்றில் உட்கார்ந்தான். மனைவி தன்னருகே வந்து உட்காருவாள் என்று ஒதுங்கி இடம் விட்டான். அவள் நீலக்குடையோடு பின்னால் வரும் காரில் ஏறிக்கொண்டாள். அந்த இடம் அப்படியே இருந்தது. எதிர்ப் பலகையில் டயர்க்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தினார்கள்.

கடைத்தெருவைத் தாண்டியதும் சாலை மோசமாக இருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பெட்டி நழுவப் பார்த்தது. இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டு அதைப் பிடித்தன. மேடு தாண்டியதும் இருவரும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த பள்ளம் வந்தது.