தூள் மில்லின் பின் யன்னல்

எங்கள் பக்கத்தில் பிரமுகர் ஒருவர் வந்து மாலை வாங்கும்வரை புதுக் கிணறுகூட ஊறக் கூடாது. அப்படியிருக்க, சண்டிலிப்பாய் சுபாஜினிக்குத் திட்டமொன்றில் கிடைத்த மிளகாய்த்தூள் அரைக்கும் மெசின் மட்டும் சும்மா ஓடிவிடுமா?

சித்திரையில் திறப்பு விழா என்றார்கள். திட்ட உத்தியோகத்தர் கீர்த்திகன் மில் வாசலில் தன் கையாலேயே சிவப்பு றிபன் கட்டினார். பிரமுகர் வரவில்லை. வைகாசிக்குத் தள்ளிவைத்தார்கள். அப்போதும் வரவில்லை.

"றிபன் அப்பிடியே கிடக்கட்டும் தங்கச்சி. விழாவுக்கு முன்னம் மெசின் ஓடினதெண்டு தெரிஞ்சா, திருப்பி ஏத்திக்கொண்டு போயிடுவினம்" என்றார் கீர்த்திகன்.

சுபாஜினியால் அதுவரை காத்திருக்க முடியாது. மானிப்பாய்க் கடையில் பார்த்த வேலையை இந்த மெசினை நம்பித்தான் விட்டிருந்தாள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுச் சனம் திரும்பும்போது ஆளுக்கு ஐந்து கிலோ தூள் கொண்டுபோகும். அதைத் தவறவிட்டால் அந்த வருடமே போச்சு.

பின் யன்னலுக்கு இன்னும் கம்பி போடவில்லை. ஆனியில் ஒருநாள் பிளாஸ்டிக் கதிரை வைத்து ஏறி உள்ளே குதித்து மெசினை ஓடவிட்டாள்.

முதல் ஆளாக வந்தவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் பூரணமக்கா. "வாசல் இருக்க ஏனடி பிள்ளை கள்ளர் மாதிரி யன்னலாலை?"

"வாசல் பிரமுகருக்கு அக்கா. யன்னல்தான் எங்களுக்கு."

பிறகு மிளகாய் உள்ளே போனதும் தூள் வெளியே வந்ததும் அந்த யன்னலால்தான். முன்னால் றிபன் வெயிலில் வெளிறித் தொங்கியது.

ஆவணியில் பிரமுகர் வந்தே விட்டார். முதல்நாள் சுபாஜினி மெசினை மூன்று தரம் துடைத்தும் மிளகாய் நெடி போகவில்லை. பிரமுகர் றிபனை வெட்டினார், கதவைத் தள்ளினார், தும்மத் தொடங்கினார்.

எதிரே யன்னலில் பைகளோடு ஏழு முகங்கள். முன்னால் பூரணமக்கா. அது அவர் வழக்கமாக வரும் நேரம்.

"பிள்ளை, ரெண்டு கிலோ. போனமுறை மாதிரிக் கரகரப்பா அரை."

சுபாஜினி பூரணமக்காவுக்குக் கண்ணைக் காட்டினாள். நல்லகாலம், அடுத்தடுத்து வந்த தும்மலில் பிரமுகரின் காதில் எதுவும் விழவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"திறந்து ஒரு நிமிசமாகேல்லை. அதுக்குள்ளை கியூவே?"

கீர்த்திகனுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. மெசினைப் பார்த்தார், சுபாஜினியைப் பார்த்தார், பிரமுகர் பக்கம் திரும்பினார்.

"ஓம் சேர். உங்கடை கைராசி."

பிரமுகருக்கு முகமெல்லாம் பூரிப்பு. தனக்கும் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டுதான் போனார். முன் கதவால் வந்து தூள் வாங்கிய ஒரே ஆள் இன்றுவரை அவர்தான். ஊருக்கு யன்னல்தான் பழக்கம்.

போன மாதம் சுபாஜினி சொந்தக் காசில் இரண்டாவது மெசின் வாங்கினாள். கேள்விப்பட்ட கீர்த்திகன் ஓடி வந்தார்.

"திறப்பு விழா எப்ப தங்கச்சி?"

"அது காலமையே முடிஞ்சுது சேர். பூரணமக்கா ரெண்டு கிலோ மிளகாயோடை வந்து திறந்து வைச்சிட்டா."