லாடப் பூட்டு

ஒரு மனுஷனுக்கு இன்னொரு மனுஷன் வீட்டைப் பார்த்து வயிறு எரியலாம், வயலைப் பார்த்து எரியலாம். ஆத்தூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பூபதிக்கு ஒரு பூட்டைப் பார்த்து எரிந்தது. சிரிக்காதீர்கள், எரிச்சல் எரிச்சல்தான்.

எதிர்வரிசையில் பஷீர் அகமது பாயின் மகன் நயீம் புதிதாகச் சைக்கிள் கடை திறந்தான். அதில் தப்பொன்றும் இல்லை. கொண்டுவந்து இறக்கினான் பாருங்கள், மாட்டு லாடத்தைப் பெரிதாக்கி நீட்டி விட்டதுபோல ஒரு இரும்புப் பூட்டு, அதுதான் வினை. ஊர் அதற்கு உடனே லாடப் பூட்டு என்று பேர் வைத்துவிட்டது. சந்தை நாளில் நயீம் ஒரு பழைய சைக்கிளைக் கடைவாசல் கம்பத்தோடு சேர்த்து அதனால் பூட்டி, "யாரு வேணா உடைங்க. உடைச்சவங்களுக்கே சைக்கிளு!" என்று அறிவித்தான்.

விடுவார்களா? லாரிக்காரர் ஒருவர் சம்மட்டியால் அடித்தார். வெல்டிங் பட்டறைக் காளிதாஸ் ஆக்சா பிளேடு போட்டு அறுத்தான். பிளேடின் பல்தான் மழுங்கியது, கம்பியில் பளபளவென்று ஒரு கோடு விழுந்ததோடு சரி. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கூட்டத்தில் எவனோ ஒரு புண்ணியவான், "பூபதி கடை ஒயர் பூட்டை வெட்டிப் பாருங்கடா" என்று எடுத்துக் கொடுத்தான். காளிதாஸ் கட்டிங் பிளேயரை வைத்தான். பீன்ஸ் நறுக்குவதுபோல நறுக்கென்று போயிற்று. வீதியே சிரித்தது.

நயீம் ஓடிவந்தான். "அண்ணே, நான் வெட்டச் சொல்லல. மனசுல வச்சுக்காதீங்க."

"அட, அதுக்கென்ன தம்பி" என்று பூபதி பல்லைக் காட்டினான். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. நயீம் மரியாதையாகப் பேசியதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. திமிராகப் பேசியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்று முதல் நயீம் எது செய்தாலும் பூபதிக்கு ஆகவில்லை. அவன் டீ குடித்தால் ஆகவில்லை, சிரித்தால் ஆகவில்லை. மனைவி சுகன்யா வாய் தவறி "நல்ல பையனா இருக்கானே" என்று சொல்லப்போக, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பூபதி உட்காரவே இல்லை.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது, மகள் தீபிகா. பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில்தான் போய்வருகிறாள். அதற்கு ஒயர் பூட்டு போட்டது பூபதியின் கை. 'ஊரே எதிர்க்கடைக்குப் போகட்டும், என் பொண்ணு போகமாட்டா' என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பில்தான் அவன் தினமும் கடை ஷட்டரைத் தூக்கினான் என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியிருக்கையில் ஒருநாள் மத்தியானம் சுகன்யா கடைக்கு வந்தாள்.

"ஏங்க, உங்க பொண்ணு சைக்கிள் சாவிய டிவி மேலயே வச்சுட்டுப் போயிட்டா. ஸ்கூல் விடறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

பூபதி சாவியைக் கையில் வாங்கினான். அதில் சிவப்பாக ஒரு பட்டை தொங்கியது. பட்டையில் நயீம் கடைப் பேர்.

அவளுமா? பெற்ற மகளுமா? பள்ளிக்குப் போய் அவளையே கேட்டிருக்கலாம். ஆனால் பொறாமை பிடித்தவன் கேள்வியா கேட்பான்? சாவியைச் சட்டைப் பையில் போட்டான். கோணிப்பைக்குள் கடப்பாரை, சுத்தியல், கம்பி வெட்டும் கட்டர் எல்லாவற்றையும் திணித்தான். இந்த லாடத்தை இன்றைக்குத் துண்டாக்கி, 'பாரும்மா, நீ நம்புன பூட்டு லட்சணத்த' என்று மகள் கையில் கொடுக்கவேண்டும். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை.

பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் வரிசை வரிசையாக இலவச சைக்கிள்கள் நின்றன. எல்லாம் ஒரே நிறம், ஒரே அச்சு. பெடல் சத்தத்தை வைத்தே யார் வண்டி என்று சொல்லுகிற ஆள் பூபதி. அன்றைக்கு அவன் சைக்கிளைப் பார்க்கவில்லை, பூட்டைத்தான் தேடினான். மூலையில் ஒரே ஒரு லாடப் பூட்டு தெரிந்ததும் பாய்ந்தான்.

கட்டரை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான். கட்டர் வாய்தான் பிளந்தது. சுத்தியலால் அடித்தான், கை அதிர்ந்தது. கடைசியில் கடப்பாரையை உள்ளே விட்டு நெம்பினான். நாலைந்து ஸ்போக்ஸ் கம்பிகள் படபடவென்று அறுந்து, பின்சக்கரம் கோணிக்கொண்டது. பூட்டு அசையவில்லை.

"எவன்டா அவன்!" என்று வாட்ச்மேன் மாதையன் கம்போடு ஓடிவந்தார். வந்தவர் வாயைப் பிளந்தார். "பூபதி? சைக்கிள் கடைக்காரனே சைக்கிள் திருட வந்துட்டியாய்யா?"

"திருடலண்ணே! என் பொண்ணு வண்டி!"

"பொண்ணு வண்டின்னா சாவி எங்க?"

பூபதி பையிலிருந்து சாவியை எடுத்தான். மாதையன் அதை வாங்கிப் பூட்டில் போட்டுத் திருப்பினார். வெண்ணெய்போலத் திறந்தது.

மாதையன் பூட்டைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், பூபதியைப் பார்த்தார். "சாவியப் பையில வச்சுக்கிட்டா இம்புட்டு நேரம் நெம்புன? உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

அதற்குள் மணி அடித்து, பிள்ளைகள் திபுதிபுவென்று வந்துவிட்டார்கள். ஒருத்தி அலறினாள். "அய்யோ, என் சைக்கிளு!"

அவள் தமிழினி. தீபிகாவின் சினேகிதி. அவளுக்குப் பின்னால் தீபிகா வந்தாள். அப்பாவையும் கடப்பாரையையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இது... இது உன் வண்டி இல்லையா?" என்றான் பூபதி.

"தமிழினியுதுப்பா. இவ சாவியத் தொலைச்சுக்கிட்டே இருப்பா. இன்னொரு சாவிய என்கிட்ட குடுத்து வச்சிருக்கா."

"உன் வண்டி?"

தீபிகா பக்கத்து வரிசைக்குப் போனாள். அங்கே அவள் சைக்கிள் நின்றது. சக்கரத்தில் பூபதி போட்ட ஒயர் பூட்டு, வெயிலில் வெளுத்துப்போய் தொங்கியது. அவள் சாவியை எடுக்கவில்லை. பூட்டை ஒரு பக்கமாகத் திருகி வெடுக்கென்று இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

மாதையன் சிரித்துவிட்டார். பூபதி அந்தப் பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எப்பயிருந்து இப்படி?" என்றான்.

"வாங்குன கொஞ்ச நாள்லயே."

"சொல்றதுக்கென்ன? எதிர்க்கடையில மாத்தியிருக்கலாம்ல?"

"நீங்க போட்டதுப்பா" என்றாள் தீபிகா. அவள் கண் கலங்கியிருந்தது. "இழுத்தா வரும்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு, தெனமும் எல்லாரும் போனப்புறம்தான் எடுப்பேன். இன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

பூபதி கோணல் சக்கரத்துச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி வழியாக நடந்தான். தன் கடையில் அதை இறக்கி வைத்துவிட்டு, நேராக வீதியைக் கடந்து நயீம் கடைக்குள் போனான்.

"வாங்கண்ணே! உக்காருங்க" என்று நயீம் எழுந்தான்.

"உக்கார நேரமில்ல. அந்த லாடப் பூட்டு ஒன்னு குடு."

"யாருக்குண்ணே?"

வயிறு இப்போதும் எரியத்தான் செய்தது. எங்கே போய்விடும் அது?

"என் பொண்ணுக்கு" என்றான் பூபதி.