மொட்டைமாடிப் புளிச்சக்கீரை

அஜ்மானில் பழைய கட்டடம் ஒன்றின் மேல்வீட்டில் ஷம்சாத்தும் அவள் கணவன் ஃபாரூக்கும் குடியிருந்தார்கள். தெருமுனையில் ஃபாரூக்கின் பலசரக்குக் கடை. அங்கே அழுகும் காய்கறிகள் குப்பைக்குப் போவது ஷம்சாத்துக்குப் பொறுக்கவில்லை. மொட்டைமாடியில் ஒரு நீல டிரம்மைத் துளையிட்டு வைத்து, எல்லாவற்றையும் அதில் கொட்டி மட்க விட்டாள்.

கோடை தணிந்ததும் மண் கலக்கும் வேலை ஆரம்பமானது. மட்கிய உரம், ஊறவைத்த தென்னைநார்த் தூள், ஆட்டுச் சந்தையிலிருந்து வந்த எரு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு, கழுவி உப்புப் போக்கிய மணல். கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்த அன்று ஃபாரூக்கைக் கடையிலிருந்து வரவழைத்துக் காட்டினாள்.

"மண்ணப் பாக்கவா என்னைக் கூப்பிட்டே புள்ள?"

"மோந்து பாருங்க மச்சான். மழை பேஞ்ச வாசம் வருதுல்ல?"

மோந்து பார்த்தான். வரத்தான் செய்தது.

பத்மா கொடுத்த புளிச்சக்கீரை விதையை, அந்த மண் நிரப்பிய தொட்டிகளில் போட்டாள். பத்மா எதிர்வீட்டுக்காரி, சேலத்துப் பெண். செடி முளைத்தபின் ஷம்சாத் வாளியில் தேநீர் வைக்கத் தொடங்கினாள். செடிக்கான தேநீர். மருந்து வாடை போகக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, உரத்தைத் துணிமூட்டையாக அதில் தொங்கவிட்டு, ஒரு கட்டி வெல்லம் கரைத்து, மீன்தொட்டிக் காற்றுக்குழாயை உள்ளே விட்டாள். மறுநாள் நுரை வாளியின் விளிம்பைத் தாண்டி நின்றது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, செடிகள் அவள் தோளுக்கு மேல் எழும்பின.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த ஃபாரூக், அவள் போனில் பார்த்துக்கொண்டிருந்த வீடியோவை எட்டிப் பார்த்தான். தாடிக்கார அமெரிக்கன் ஒருவன் வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தான். கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படிக்க ஃபாரூக்குக்குத் தெரியும்.

"இவன் கஞ்சாச் செடி வளக்குறவன் புள்ள!"

"இருக்கட்டுமே. இது எந்தச் செடிக்குன்னு மண்ணுக்கு என்ன தெரியும்?"

ஃபாரூக் போனைப் பிடுங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினான், அவளும் பின்னாலேயே போனாள். புளிச்சக்கீரையின் ஒரு இலையைப் பறித்து வீடியோவுக்குப் பக்கத்தில் பிடித்தான். ஐந்து விரல் விரித்தாற்போல் இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். அவன் முகம் வெளுத்தது.

"எல்லாத்தையும் புடுங்கு. இந்த ஊர்ல இது என்னன்னு கேக்க மாட்டாங்க, உள்ள வச்சிட்டுத்தான் கேப்பாங்க."

"கீரையைப் புடுங்குறதா? நான் மாட்டேன்." ஷம்சாத் இலையை வாங்கி மென்றாள். "பாருங்க. புளிக்குது."

அதற்குள் படியில் செருப்புச் சத்தம். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கக் காலையில் வந்த வாட்ச்மேன், கஞ்சாவென்று நினைத்துச் செடியைப் படம் எடுத்துக் கட்டட முதலாளிக்கு அனுப்பிவிட்டிருந்தான். இப்போது முதலாளியே வந்துவிட்டார். வயதான அரபி. கூடவே அந்த வாட்ச்மேனும் அவருடைய சூடானிய டிரைவர் உஸ்மானும். ஷம்சாத் துப்பட்டியைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.  செடிக்கு முன்னால் போய் நின்றாள்.

"யே க்யா ஹை?" இது என்னவென்று இந்தியில் கேட்டார் முதலாளி. ஃபாரூக்குக்கு நாக்கு எழவில்லை.

"கீரை, அர்பாப். கானா," என்று முதலாளியிடம் ஷம்சாத்தே சொல்லி, கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள்.

உஸ்மான் குனிந்து செடியின் நடுவே கையை விட்டான். இலைக்கடியில் சிவப்புச் சிவப்பாக மொட்டுக்கூடுகள் தடித்திருந்தன. ஒன்றைக் கிள்ளிக் கடித்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"கர்கதே!" என்றான். சூடானில் அவன் வீட்டைச் சுற்றியும் இதுதானாம். காயவைத்துச் சிவப்புச் சர்பத் போடுவார்களாம்.

முதலாளியும் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். புளிப்பில் ஒரு கண் சுருங்கியது. தினமும் அவர் குடிக்கிற கர்கதே! வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தார். அவன் படியிறங்கிக்கொண்டிருந்தான். பிறகு அவர் கண் நுரைத்துக்கொண்டிருந்த வாளியில் நின்றது.

அதை விளக்க ஷம்சாத்துக்கு இந்தி போதவில்லை. ஃபாரூக்குக்கு இப்போது நாக்கு எழுந்துவிட்டது. உரம், வெல்லம், காற்று என்று அவனே கலந்தவனைப் போல ஒன்றுவிடாமல் சொன்னான். தாடிக்காரனை மட்டும் விட்டுவிட்டான். முதலாளி செடித்தொட்டியிலிருந்து ஒரு பிடி மண் அள்ளி, பிடித்து, உதிர்த்துப் பார்த்தார். மலைப்பக்கம் மஸ்ஃபூத் ஊரில் இருக்கும் தன் தோட்டத்தில் எதைப் போட்டாலும் கருகுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை உஸ்மானின் வண்டி வந்தது. பின்னால் எரு மூட்டைகள், பெரிய டிரம், புதுக் காற்றுக்குழாய். மலையடிவாரத் தோட்டத்தில் ஷம்சாத் முழுக்கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு மண் குவியலில் இறங்கினாள். ஃபாரூக் மண்வெட்டியோடு பின்னால் போனான்.

"இவ்வளவு மண்ணா மச்சான்!" என்றாள் அவள். முழங்கை வரை உள்ளே புதைத்து, கலக்க ஆரம்பித்தாள்.