லியோனின் இடது பெருவிரல்

கேம் பெட்டியின் ரிமோட்டைக் கையில் எடுத்த ஜெயனி, "ஆ" என்று அதை மடியில் போட்டுவிட்டாள்.

"என்னடி, கறன்ற் அடிச்சதே?" என்று கேட்டான் அவளுடைய அண்ணன் ஜெறோம். பழைய பெட்டி ரீவியின் பின்பக்கம் குனிந்து மஞ்சள் வயரைச் செருகிக்கொண்டிருந்தவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"குத்துது அண்ணை. உதிலை என்னத்தைப் பூசி வைச்சிருக்கிறாய்?"

"திசைப் பட்டன் ரெண்டாப் பிளந்துபோய்க் கிடந்தது. எங்கடை போட்டுக்குப் பூசின பைபரிலை ஒரு துண்டு மிஞ்சினது. றெசின் பசையை ஊத்தி ஒட்டிவிட்டன். இனி உலகம் அழிஞ்சாலும் உது உடையாது."

"தேய்ச்சனியே?"

"தேய்ச்சனான், தேய்ச்சனான்."

இரண்டு தடவை சொன்னதிலேயே தேய்க்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. குசினி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த அவனுடைய மனைவி மக்டலீன் சிரித்தாள்.

"உவர் போட்டுக்கே ஒழுங்காத் தேய்க்கிறேல்லை. விளையாட்டுச் சாமானுக்குத் தேய்ப்பாராமே!"

யாழ்ப்பாணக் கடலோரக் குருநகரில் எது உடைந்தாலும் பைபர்தான் மருந்து. தண்ணீர்த் தாங்கி, கதிரைக் கால், குசினிக் கதவின் அடிப்பக்கம் எல்லாவற்றுக்கும் படகுக்குப் பூசியதில் மிஞ்சியதையே பூசுவார்கள். பூசிய பின் மண்தாளால் தேய்க்காவிட்டால் கண்ணாடி நார்கள் மயிர்போல நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஜெயனியின் விரல் நுனி இன்னும் எரிந்தது. மற்ற ரிமோட்டைத் தன் கணவன் லியோனுக்குக் கொடு என்று அண்ணனிடம் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் லியோனே கையை நீட்டி அவள் மடியில் கிடந்ததை எடுத்துவிட்டான்.

"இஞ்சை தா. இது எப்பவும் என்ரை பக்கம்."

இடது பெருவிரலைத் திசைப் பட்டனின் மேல் வைத்தான். வலமாக மூன்று தரம், இடமாக மூன்று தரம், அழுத்திச் சுழற்றிப் பார்த்தான். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். புதுசு மாதிரி."

ஜெயனி எரிந்துகொண்டிருந்த தன் விரல் நுனியைப் பார்த்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன் வலையில் ஏறிய திருக்கையைக் கழற்றும்போது அதன் முள் லியோனின் இடது பெருவிரலைப் பிளந்துகொண்டு போனது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள், ஒரு மாதம் கட்டோடு வைத்திருந்தார்கள், பிறகு பயிற்சி கொடுத்தார்கள். விரல் மடங்கியது, நிமிர்ந்தது. ஆனால் தொட்டால் தெரியவில்லை. படகு லியோனுக்கும் ஜெறோமுக்கும் பொது. உணர்வு வரும்வரை லியோனை ஏற்றமாட்டேன் என்று ஜெறோம் ஒற்றைக் காலில் நின்றான். லியோனின் இடத்தில் அயலில் இருக்கும் கிறகோரி போய்க்கொண்டிருந்தான்.

ஜெறோம் பிடிவாதக்காரன் அல்ல. இருட்டில் வலை விடும்போது கயிறு ஓடும். அது விரலைச் சுற்றினால் அந்த நேரத்தில் கண் உதவாது, விரல்தான் சொல்ல வேண்டும். அதே கரையில் தொழில் செய்த செபநாயகத்தாரின் கையில் கயிறு சுற்றியதை அவர் அறிந்தபோது தண்ணீருக்குள் இருந்தார். அவருடைய உடலை மூன்றாம் நாள்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டுக்குப் பந்தல் போடப் போனவர்களில் லியோனும் ஒருவன்.

போன மாதம் ஒரு நாள் லியோன், "உணர்வெல்லாம் வந்திட்டுது" என்று வீட்டில் அறிவித்தான். ஜெயனி நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது. விடியப்புறம் மற்றவர்கள் கடலுக்குப் போகும் சத்தம் கேட்டுப் படுக்கையில் கண் விழித்தபடி கிடக்கும் மனிசனை நாலு மாதம் பார்த்துவிட்டாள். சோறு போட்டுக் கொடுத்தால், ஆர் வீட்டிலோ விருந்துக்கு வந்தவன்போல, "காணும், காணும்" என்பான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஜெறோம் மட்டும் நம்பவில்லை. அப்போதுதான் லியோன் இந்த யோசனையைச் சொன்னான்.

"உன்ரை கேம் பெட்டி இன்னும் கிடக்கோ மச்சான்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாறன். அந்தச் சுழல் உதை என்ரை பெருவிரலாலை வருதோ எண்டு பார். மூண்டு சுற்றிலை ரெண்டு நான் வெண்டா, அடுத்த நாள் என்னை ஏத்து. தோத்தா வாயே திறக்கமாட்டன்."

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில், பாதை திறந்து கொழும்புச் சாமான்கள் வந்து குவிந்தபோது வாங்கிய பெட்டி அது. அதன் சண்டைக் கேம் கசெற்றில் இருந்தது யப்பான் எழுத்து. ஒன்றும் வாசிக்க முடியாததால் சண்டைக்காரர்களுக்குப் பெயரெல்லாம் இவர்கள் வைத்ததே. ஜெறோமின் ஆள் தடியன். லியோனின் ஆள் நெட்டையன். நெட்டையனின் சுழல் உதைக்குப் பெருவிரல் கீழே தொடங்கி அரைவட்டமாக ஓடி, ஓடிய வேகத்திலேயே திரும்ப வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் நெட்டையன் சும்மா ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு அடி வாங்குவான். அந்த நாளில் இருபது வயது லியோன் விளையாட என்று சொல்லிக்கொண்டு இந்த வீட்டுக்கு நாள் தவறாமல் வந்ததும், பதினேழு வயது ஜெயனி தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் நெட்டையன் தோற்றுப்போனதும் பழைய கதை. இருபது வருசத்துக்கு மேலாக அவன் முகத்தை அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அந்த முகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதில் பயம் இல்லை. தன் விரலைப் பற்றிய பயம் கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டும்.

ஜெறோம் கசெற்றை ஊதிச் செருகினான். ரீவி இரண்டு தரம் கோடு கோடாக இழுத்துவிட்டுப் படத்தைக் காட்டியது. வழக்கம்போல அவன் நிலத்தில் சம்மாணம் கொட்டி இருந்தான். லியோன் கதிரையில் முன்னுக்குச் சரிந்து இருந்தான். ஜெயனி அவனுக்குப் பின்னால் நின்றாள்.

முதல் சுற்று ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. தடியன் நெட்டையனை மூலைக்குத் தள்ளி வைத்துச் சாத்தினான். லியோன் சுழல் உதைக்கு மூன்று தரம் முயன்றான். மூன்று தரமும் துள்ளல்தான்.

"உது என்ன மச்சான், கயிறடிச்சுத் துள்ளுறானே?" என்றான் ஜெறோம்.

"சூடாகட்டும், பொறு."

"அண்ணை, கையை உதறிப்போட்டுப் பிடியுங்கோ" என்று மக்டலீன் லியோனுக்கு யோசனை சொன்னாள். அவள் இறாலை மறந்து வாசலிலேயே குந்திவிட்டாள்.

தோற்றுப் போகட்டும் என்று ஜெயனி நினைத்தாள். நினைத்ததும் தன்மேலேயே வெறுப்பு வந்தது. தோற்றால் அவன் இன்னும் எத்தனை மாதம் அப்படிக் கண் விழித்துக் கிடப்பான்? பைபர் குத்தாதது ஒருவேளை அவனுடைய தோல் தடிப்பு என்பதாலாக இருக்கலாம். கடல்காரன் கை. தன் கையோடு ஒப்பிடலாமா? அப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஜெறோமும் கடல்காரன்தான். நேற்று இதை ஒட்டிய பிறகு அவன் இரண்டு விரலில் பிளாஸ்ரர் சுற்றியிருக்கிறான்.

இரண்டாம் சுற்றில் லியோன் ஒரு வேலை செய்தான். தலையைக் குனிந்து, ரிமோட்டில் தன் பெருவிரலையே பார்த்து அழுத்தினான். பார்த்துப் பார்த்து அரைவட்டம் போட்டான். நெட்டையன் பம்பரம்போலச் சுழன்று தடியனின் தாடையில் உதைத்தான். மக்டலீன் கை தட்டினாள். இன்னொன்று. இன்னொன்று. தடியன் விழுந்தான்.

"அடே! வந்திட்டுதடா!" ஜெறோமின் குரலில் தோற்றவனின் கவலையே இல்லை. தன் மச்சான் மறுபடி கூட வரப்போகிறான் என்ற சந்தோசம் அதில் வெளிச்சமாகத் தெரிந்தது. ஜெயனிக்கு அந்தச் சந்தோசம்தான் அதிகம் பயமாக இருந்தது.

ஏன் இந்தப் பரீட்சையை லியோன் தேடிப் பிடித்தான் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. வெளிச்சத்தில் கண் பார்த்துக்கொண்டிருந்தால் விரல் சொன்னபடி கேட்கும். விரலுக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

மூன்றாம் சுற்று தொடங்கியது. விரலுக்கு வழி பழகிவிட்டதால் லியோன் இப்போது ரீவியையே பார்த்து அழுத்தினான். ஜெறோம் விட்டுக்கொடுக்கவில்லை. தடியன் பாய்ந்து பாய்ந்து அடித்தான். இருவருடைய பலக்கோடும் ஒன்றாகக் குறைந்துகொண்டு வந்தது. அவள் ரீவியைப் பார்க்கவில்லை. லியோனின் தோளுக்கு மேலால் எட்டி அவனுடைய இடது கையைப் பார்த்தாள்.

திசைப் பட்டன் சாம்பல் நிறத்தில் இருந்தது. இப்போது அதன் ஒரு பக்கம் கறுத்துப் பளபளத்தது. விரல் சுழலச் சுழல அந்தக் கறுப்பு வட்டமாகப் பரவியது. பிறகு ஒரு சொட்டு லியோனின் வெள்ளைச் சாரத்தில் விழுந்து சிவந்தது.

அவன் பெருவிரலின் நுனித்தோல் உரிந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. அவன் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தான்.

ஜெயனி கத்தினால் ஆட்டம் நின்றுவிடும். கத்தினால் அவன் குனிந்து பார்ப்பான், பார்த்ததும் கையை உதறி, "ஓ, எரியுது, விளையாட்டு மும்முரத்திலை விட்டிட்டன்" என்று சொல்லிவிடுவான். ஜெறோம் நம்புவான். நம்புவதற்குத்தானே அவன் காத்துக்கொண்டிருக்கிறான். பேசாமல் இருந்தாலோ, நாளை விடிய அவன் படகில் இருப்பான்.

"உதை! உதை!" என்று மக்டலீன் கத்தினாள். நெட்டையன் கடைசியாக ஒரு தரம் சுழன்றான். தடியன் மல்லாந்தான். வெற்றிப் பாட்டு கீச்சுக் குரலில் தொடங்கியது.

லியோன் ரிமோட்டை மேசையில் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தான். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு. இடது கை கதிரையின் பின்பக்கம் தொங்கியது.

"விடியப்புறம் ரெண்டரைக்குக் கரைக்கு வா" என்றான் ஜெறோம். "பிந்தினா விட்டிட்டுப் போவன்."

"நீ பிந்தாமல் வா. உன்னை எழுப்ப மக்டலீன் படுற பாடு எனக்குத் தெரியும்."

"அதைச் சொல்லுங்கோ அண்ணை!"

ஜெயனி கதிரைக்குப் பின்னால் மெல்லக் குந்தினாள். தொங்கிய கையின் பெருவிரல் நுனியைத் தன் சட்டைத் தொங்கலால் சுற்றிப் பிடித்தாள். துணி நனைந்தது. பிறகு நகத்தால் அழுத்தினாள். பலமாகத்தான் அழுத்தினாள். லியோன் மச்சானோடு சிரித்துக்கொண்டேயிருந்தான்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "திரும்பாமல் ஒண்டு சொல்லுங்கோ. நான் உங்கடை எந்த விரலைப் பிடிச்சிருக்கிறன்?"

லியோன் சிரித்தான். "என்ன விளையாட்டடி உது? நீ இன்னும் பிடிக்கவேயில்லையே."

ஜெறோமின் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் இருந்த இடத்திலிருந்து கதிரைக்கு அடியால் தங்கையின் கை தெரிந்தது, அவள் பிடித்திருந்த விரலும் தெரிந்தது, துணியின் சிவப்பும் தெரிந்தது. வெற்றிப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. அவன் எழும்பிப்போய் ரீவியை நிறுத்தினான்.

லியோன் அப்போதுதான் திரும்பினான். தன் விரலைப் பார்த்தான். வேறு ஆருடையதோ விரலைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தான்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"ரிமோட்டை வாங்கினியள் பாருங்கோ, அப்பவே மனசு சொன்னது."

"அப்ப ஏன் விளையாட விட்டனி?"

"நீங்களே சொல்லுவியள் எண்டு பார்த்தனான்."

"தமையனுக்கு முன்னாலை என்னைக் காட்டிக் குடுத்திட்டாய்."

"ஓம்" என்றாள் ஜெயனி. அவள் விரலை விடவில்லை. "காட்டித்தான் குடுத்தனான். நீங்கள் என்னோடை ஒரு வருசம் கோவமா இருங்கோ. வீட்டிலை இருந்து கோவியுங்கோ. செபநாயகத்தாற்றை மனிசி மாதிரி என்னாலை கரையிலை நிண்டு தண்ணியைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது."

"மச்சான்..." என்று தொடங்கினான் ஜெறோம்.

"நீ கதையாதை" என்றான் லியோன்.

மக்டலீன் உள்ளே போய், தலைமயிர் பிடுங்கும் சின்னக் குறடும் ஒரு கோப்பையில் சுடுதண்ணீரும் கொண்டுவந்து ஜெயனியின் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனாள். ஜெயனி அவனுடைய கையை இழுத்துத் தன் முழங்காலில் வைத்து, சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவன் இழுக்கவும் இல்லை, தரவும் இல்லை. கை அப்படியே வந்தது. அவள் ஒவ்வொரு நாராகப் பிடுங்கத் தொடங்கினாள்.

"ஆஸ்பத்திரியிலையும் அப்பிடித்தான் சொன்னனான்" என்றான் லியோன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "பஞ்சாலை தொட்டுத் தொட்டுக் கேட்டவை. கண்ணை அரைவாசி திறந்து வைச்சுப் பார்த்துச் சொன்னனான். அதோடை இனி வரவேண்டாம் எண்டிட்டினம்."

"வியாழக்கிழமை கிளினிக் இருக்கு. நானும் வாறன்."

"நீ வந்து என்ரை கண்ணைப் பொத்துவாயாக்கும்."

"பொத்துவன்."

அவன் சிரிக்கவில்லை, ஆனால் தோள் கொஞ்சம் தளர்ந்தது. வலது கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

"கிறகோரி, நான் லியோன். பூசை முடிஞ்சு வந்திட்டியே? ... நாளைக்கு நீதான் போறாய். ரெண்டரைக்கு வந்திடு ... இல்லையில்லை, எனக்கு ஒண்டுமில்லை, சுகம், எல்லாம் சரி..."

ஜெயனியின் குறடு நின்றது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

லியோன் அவளுடைய முழங்காலில் கிடந்த தன் விரலைப் பார்த்தான்.

"இல்லை, கிறகோரி. சரியில்லை. விரல் இன்னும் செத்துப்போய்த்தான் கிடக்கு. நீ போ."