செத்த வண்டியின் தகடு

1

வந்திருந்தவர்கள்:

அழகிரிசாமி. வயது ஐம்பத்து மூன்று. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, வண்டிகளின் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தாளில் தேய்த்து எடுத்துக் கொடுப்பவர். டவுன் பஸ்ஸில் வந்தார்.

கிட்டு. கழுகுமலைக்குக் கிழக்கே ஓர் ஊர். ஆடு வைத்திருக்கும் குடும்பம். அழகிரிசாமிக்கு இருக்கும் ஒரே கூட்டாளி. மினி லாரியில் வந்தான்.

செண்பகவல்லி. கிட்டுவின் மனைவி. இந்தக் கூட்டத்துக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. லாரியின் முன்சீட்டில் வந்தாள்.

சீனி. பழைய கார்களை வாங்கிச் சீர்செய்து விற்பவர். மாதத்தின் முதல் ஞாயிறு கோவில்பட்டியில் பழைய வண்டிக்காரர்கள் கூடும் அந்த மூடிய பஞ்சாலை வளாகம் அவருடைய சித்தப்பாவுக்குச் சொந்தம்.

வண்டிகள்: மூன்று லாம்பிரட்டா, ஒரு கான்டெசா, ஃபைபர் உடம்புள்ள ஒரு டால்ஃபின் கார், மூன்று சக்கர டெம்போ ஒன்று, இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள ஜீப் ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில், துணி போட்டு மூடிய ஒன்று.

நான். போக வேறு இடம் இல்லாததால் போனேன். இனி கூடுமானவரை கண்ணில் படமாட்டேன்.

2

கதை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் விரல் நீளத்தில் ஒரு தாள் துண்டு இருக்கிறது. பென்சில் கறுப்புக்குள் வெள்ளையாக எட்டு எழுத்துகள். கொடுத்தவர், "வச்சிக்கிடுங்க, எனக்கு இனி எதுக்கு" என்றார். காரணத்தை நான் கேட்கவில்லை. அவரிடம் கேட்காமல் விட்டதை உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் பெயர் அழகிரிசாமி இல்லை. சொந்தப் பெயரைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தியது நான். என் கதையில் சீனி செய்யும் தப்பும் ஏறக்குறைய இதுதான் என்பது பாதி எழுதிய பிறகுதான் உறைத்தது.

முதல் வரியை மூன்று விதமாக எழுதினேன்.

"மார்ச் மாதத்துக் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, ஒவ்வொரு வெடிப்பும் ஒரு

(வேண்டாம். கார் பார்க்க வந்தவர்கள் யாரும் அன்று மண்ணைப் பார்க்கவில்லை.)

"அழகிரிசாமிக்கு மனிதர்களைவிட வண்டிகளை

(பொய். மனிதர்களைத்தான் பிடிக்கும். அவர்கள் வண்டிகளைச் சுற்றித்தான் நின்றார்கள்.)

"அழகிரிசாமி வண்டிகளை அடியிலிருந்து தெரிந்துவைத்திருந்தார்."

இது இருக்கட்டும்.

3

அழகிரிசாமி வண்டிகளை அடியிலிருந்து தெரிந்துவைத்திருந்தார். பெயர் மாற்றவோ, எஃப்.சி. எடுக்கவோ வருகிற வண்டிக்குச் சேஸிஸ் எண்ணின் அச்சு வேண்டும். அவர் சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுப்பார். எண் இருக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பார். மெல்லிய தாளை ஒட்டிப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் எழும்பி வரும். ஆறு நாளும் இதுதான். வண்டிக்காரர்கள் அவருடைய கால்களோடுதான் பேசுவார்கள். "முடிஞ்சுதா?" என்று கால்களைக் கேட்பார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதினெட்டு வருடமாக அவர் முகத்தை நினைவு வைத்திருப்பவர் டீக்கடைக்காரர் ஒருவர்தான்.

அபூர்வமான வண்டி எது வந்தாலும் அச்சை இரண்டாக எடுப்பார். ஒன்று ஆபீஸுக்கு. மற்றது அவருடைய நோட்டுக்கு. நானூற்றுச் சொச்சம் துண்டுகள், பக்கத்துக்கு ஆறாக ஒட்டியிருந்தார். போட்டோ எடுக்கிறவர்கள் பெயின்டைத்தான் எடுக்கிறார்கள் என்பார். பெயின்ட் மாறும், சீட் மாறும், எஞ்சின்கூட மாறும். எண் ஒன்றுதான் அந்த வண்டி.

(இந்த இடத்தில் அவருக்கு ஒரு மனைவியைக் கொடுத்துப் பார்த்தேன். புதியம்புத்தூரில் தையல் வேலைக்குப் போனவள், திரும்பவில்லை என்று ஒன்றரைப் பக்கம். படித்தபோது, தனியாக இருப்பதற்கு அவர் எனக்குக் காரணம் காட்டுவதுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன். அவர் தனியாக இருந்தார். அவ்வளவுதான்.)

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வேறு மாதிரி. அன்று அவரைக் கூப்பிட்டுப் படுக்கச் சொல்வார்கள். "பென்சில் அண்ணாச்சி, நம்ம வண்டிக்கு ஒண்ணு எடுங்க" என்பார்கள். எடுத்த துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். மதியம் கிட்டுவின் மினி லாரியில் பின்கதவை இறக்கிவிட்டு, அதில் உட்கார்ந்து இரண்டு பேரும் பரோட்டா சாப்பிடுவார்கள். அந்த ஒரு மணி நேரப் பேச்சை அழகிரிசாமி மிச்ச மாதம் முழுவதும் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருப்பார். சத்தமில்லாமல்தான்.

4

பத்து மணிக்குச் சீனி துணியை உருவினார். இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பால் வெள்ளை. முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும் வகை. இந்தக் கரிசல் பக்கத்தில் நாலு கதவு ஹெரால்டே இரண்டோ மூன்றோதான் மிச்சம். இரண்டு கதவை அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் நேரில் பார்த்ததில்லை. லாம்பிரட்டாக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போனார்.

"என்ன வே, கோயிலா இது?"

"சும்மா இரும். பெயின்டுல புழுதி படுமில்லா."

கிட்டு அந்த வண்டியை வாங்கப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவான். பழைய காரில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்கார வைத்துப் படம் எடுப்பது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதற்காக நாற்பது ஆடுகளை விற்கப்போகிறான். வியாபாரி நாளைக் காலையில் ஆட்டுக் கிடைக்கு வருகிறான். அதனால்தான் செண்பகவல்லியும் வந்திருந்தாள். ஹெரால்டை அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், சந்தையில் கிடாயைப் பார்ப்பதுபோல. கதவைத் திறந்து மூடினாள்.

"பென்சில் அண்ணாச்சி, வாங்க. இதுக்கு எடுக்காம வேற எதுக்கு எடுக்கப் போறிய?" என்றார் சீனி.

ஹெரால்டுக்குக் கீழே படுக்க வேண்டியதில்லை. முன்பக்கத்தைக் கவிழ்த்தால் உள்சுவரில் ஒரு தகடு, அதில் எண். அழகிரிசாமி தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்தார். நாலாவது எழுத்து எழும்பியபோது கை நின்றது. ஏழு. அதன் காலில் குறுக்காக ஒரு வெட்டு, உளி தவறிப் பட்டதுபோல.

அந்த வெட்டை அவருக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடி போகும் சாலையில் ஒரு பழைய இரும்புக் குடோனில், கேஸ் வைத்து அறுத்துக்கொண்டிருந்த ஒரு ஹெரால்டிலிருந்து அவர் எடுத்த அச்சு. நோட்டில் இருக்கிறது. வண்டி ஆறு துண்டாகி லாரியில் ஏறும்வரை அங்கேயே நின்றிருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. (அது நாலு கதவா, இரண்டு கதவா என்று கேட்பீர்கள். நாலு.)

தகட்டை இறுக்கியிருந்த ரிவெட்டுகள் புதியவை. வெள்ளி மாதிரி மின்னின.

5

கிட்டுவை மூன்று சக்கர டெம்போவுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"லே, அந்தத் தகடு செத்த வண்டியோடது. அறுக்கையில நான் நின்னு பாத்தேன். நோட்டுல இருக்கு, காட்டுதேன்."

"மெல்லப் பேசுங்க."

"மெல்லத்தான பேசுதேன். தகடு ஒரு வண்டி, பாடி ஒரு வண்டி."

"தெரியும் அண்ணாச்சி."

அழகிரிசாமி நோட்டைத் திறந்துகொண்டிருந்தார். திறந்தபடியே வைத்திருந்தார்.

"சீனி அண்ணன் மொதல்லயே சொல்லிட்டாரு. அதனாலதான் இந்த வெலைக்குத் தாராரு. இங்கன நிக்கிறதுல பாதி அப்படித்தான். அந்த ஜீப்பு மூணு ஜீப்பு. உங்களுக்குத் தெரியலையா, தெரிஞ்சும் தெரியாத மாரி இருக்கியளான்னு நாங்க பேசிக்கிடுவோம்."

"யாரு?"

"எல்லாரும்தான். நீங்க ஆசையா எடுக்கிய, எடுத்துட்டுப் போகட்டும்னு விட்டிருவோம்."

அழகிரிசாமி நோட்டைப் பார்த்தார். பக்கத்துக்கு ஆறு துண்டுகள்.

"பாடி யாருது?"

"அத நான் கேக்கல."

"களவு வண்டின்னா? என்னைக்காவது ஒருத்தன் தகட்டப் பாத்துட்டான்னா, வண்டியப் புடுங்கிட்டுப் போயிருவான். ஆடும் போச்சு, வண்டியும் போச்சு."

"கல்யாணத்துக்கு வாரவன் குனிஞ்சு தகட்டையா பாக்கப்போறான்? பொண்ணப் பாப்பான். நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி ஊருலயே தகட்டப் பாக்கிய." கிட்டு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ஒண்ணே ஒண்ணு. அவ உங்க வாயிலருந்து கேட்டாத்தான் ஒத்துக்கிடுவா. நல்ல வண்டின்னு ரெண்டு வார்த்தை. இத்தன வருசத்துல உங்ககிட்ட நான் ஏதாச்சும் கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அழகிரிசாமி யோசித்துப் பார்த்தார். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பரோட்டாவுக்குக்கூட எப்போதும் அவனே கொடுத்துவிடுவான்.

6

செண்பகவல்லி தானாகவே வந்தாள். கிட்டு சீனியிடம் போய் நின்றுகொண்டான், அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதான அழகிரி அண்ணன்?"

"ஆமாம்மா."

"வீட்டுல உங்க பேச்சுத்தான். அண்ணாச்சி அடியில போயிப் பாத்தா ஒரு வண்டியும் பொய் சொல்லாதும்பாவ." சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாப்பது உருப்படி. எங்கய்யா எனக்குக் குடுத்தது ஆறு. ஆறுலருந்து நான் பெருக்குனது. போன கோடையில சீக்கு வந்து, ராவும் பகலும் மருந்து ஊத்திக் காப்பாத்துனது. இவிய சொல்லுதத நான் நம்பல. அந்த முதலாளி சொல்லுததையும் நம்பல. முதலாளி ரொம்பச் சிரிக்காரு."

"ம்."

"நீங்க பாத்திய. வாங்கலாமா, வேண்டாமா? எனக்குக் காரு தெரியாது. உங்க வார்த்தைதான்."

(இந்த வரியை எழுதிவிட்டு நாலு நாள் பேனாவை எடுக்கவில்லை. அவரை வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மனுஷி முகத்தைப் பார்த்து ஒரு விஷயம் கேட்கிறாள். அவர் உண்மையைச் சொன்னால் அவருக்கு இருக்கும் ஒரே கூட்டாளி போவான், ஞாயிற்றுக்கிழமைகள் போகும். பொய் சொன்னால் இவளுடைய ஆடுகள் நாளைக்குப் போகும், வண்டி என்றைக்கு வேண்டுமானாலும் போகும். இதை விளக்கிச் சொல்லக் கூடாது என்று தெரியும். விளக்கிவிட்டேன்.)

7

முதல் முடிவு. "நல்ல வண்டிம்மா" என்கிறார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கிட்டுவிடம் போகிறாள். சீனி காரின் சாவியை அவள் கையிலேயே கொடுக்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். தட்டுகிறவர்கள் அழகிரிசாமியையும் பார்க்கிறார்கள், இன்றைக்குத்தான் அவர் தங்களில் ஒருவராகிவிட்டதுபோல.

இரண்டாவது முடிவு. "வேண்டாம் தாயி" என்கிறார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நேராக மினி லாரிக்குப் போய் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சீனி, "பென்சில் அண்ணாச்சி, உம்ம வேலையப் பாத்துட்டுப் போயிருக்கலாம்" என்கிறார். கோபமே இல்லாமல் சொல்கிறார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது முடிவு. "அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே அவள்

(இல்லை. அந்த முகத்தைப் படித்துப் பழகியவர்கள் யாரும் கிடையாது.)

நாலாவதாக ஒன்று வைத்திருந்தேன். ஹெரால்டின் உண்மையான சொந்தக்காரர் அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்பார். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன், காதில் விழுந்திருக்குமே என்பீர்கள். விழுந்தது. அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அவரை நல்லவர் என்றோ, கோழை என்றோ சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். முதல் இரண்டில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆடுகளும் உங்கள் பொறுப்பு.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எதை எடுத்தாலும் அடுத்து நடப்பது மாறாது. அன்று கிட்டு அவரோடு சாப்பிடவில்லை. முதல் முடிவில், பொண்டாட்டியை ஹெரால்டில் ஏற்றிக்கொண்டு ஊர் காட்டப் போய்விட்டான். இரண்டாவதில், சொல்லாமல் போய்விட்டான்.

8

பஸ்ஸுக்கு நிற்காமல் அழகிரிசாமி நடந்தே போனார். நாலுவழிச் சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்று பழைய வண்டியாக இருக்கலாம், சத்தம் அப்படி இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் இருந்தது வரிசையாக ஆறு வீடுள்ள ஒரு லைனில், கடைசி வீடு. ஒரே அறை. பக்கத்து வீட்டு வள்ளித்தாய் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு வெள்ளன வந்துட்டிய? ஞாயித்துக்கெழம பொழுதடைஞ்சில்லா வருவிய?"

"ஆமா."

"கூட்டம் இல்லியோ?"

"கூட்டந்தான்."

"சாப்டாச்சா?"

"ஆச்சு."

ஆகவில்லை. அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அவர் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். செருப்பை வாசலில் விடாமல் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மணி மூன்றுகூட ஆகியிருக்காது. தெருவில் நல்ல வெயில். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, திறந்த அந்தப் பூட்டையே உள்பக்கம் கொண்டியில் மாட்டிப் பூட்டினார்.